முடிவில் எத்தனை கோழிகள்

தனப்பிரியா முதல் பெட்டியில் இருநூற்று நாற்பது என்று அடித்தாள். அடுத்த பெட்டியிலும் இருநூற்று நாற்பது என்றே அடித்தாள். அடித்துவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தவள், சூடான பாத்திரத்தைத் தொட்டவள் போல அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் சேலத்தில் நடக்கவிருந்த கோழி வளர்ப்புக் கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. அதில் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டால்தான் இந்த வருடம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்பது கல்லூரியின் விதி. இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். உதவித்தொகை போன மாதத்தோடு நின்றுவிட்டது. ஊரில் அப்பா போனை எடுக்கும்போதெல்லாம் "எப்ப சாமி முடியுது?" என்றுதான் ஆரம்பித்தார்.

சுருக்கத்தை இரண்டு வடிவங்களில் எதில் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று கருத்தரங்கின் இணையப் பக்கம் சொன்னது. ஒன்று, எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கதை போல எழுதுவது. மற்றொன்று, நோக்கம், முறை, முடிவு, முடிவுரை என்று தனித்தனிப் பெட்டிகளை நிரப்புவது. காலையில் அவளுடைய வழிகாட்டி சந்திரசேகர் போனில், "பெட்டி போட்டதையே எடுத்துக்கோம்மா. நடுவருங்க கண்ணுக்கு உடனே தெரியும். மேடையில பேச வாய்ப்புக் கிடைக்கும்" என்று சொல்லியிருந்தார். அவளும் அதையே தேர்ந்தெடுத்தாள். முறை என்ற தலைப்பின் கீழ்தான் அந்த இரண்டு சிறு பெட்டிகள் இருந்தன. ஆய்வின் தொடக்கத்தில் எத்தனை கோழிகள்? முடிவில் எத்தனை?

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கற?" என்றாள் அறைத்தோழி மதுமதி, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே.

"மதி, நாமக்கல்லுல மார்ச்சுல இருந்து மே வரைக்கும், பன்னெண்டு வாரம், இருநூத்தி நாப்பது கோழியில ஒண்ணுகூடச் சாகாம இருக்குமா?"

மதுமதி துண்டை நிறுத்தினாள். "ஏசி போட்டு வளர்த்தியா?"

"இல்ல."

"அப்பறம் எப்படி? எங்க மாமன் ஊட்டுல அந்த வெயிலுக்கு மனுசங்களே ரெண்டு பேரு போயிட்டாங்க."

தனப்பிரியா பன்னிரண்டு வாரமாகப் பண்ணையிலிருந்து வந்த தாள்களை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தாளின் கடைசிக் கட்டத்திலும் நூற்றிருபது, நூற்றிருபது என்று ஒரே கையெழுத்து. சனிக்கிழமைதோறும் அவளே நேரில் போனாள். முட்டைகளை எடை போட்டாள், ஓட்டின் கனத்தை அளந்தாள். ஒரு கூண்டுக்கு நான்கு கோழி வீதம் எல்லாம் நிறைந்திருந்ததைப் பார்த்து மகிழ்ந்தாள். கீழாநெல்லிப் பொடி கலந்த தீவனம் தின்ற வரிசையில், நூறு கோழிக்கு நாளொன்றுக்கு நான்கு முட்டை கூடுதலாக வந்தது. அந்த நான்கு முட்டைகளை நினைத்துக்கொண்டேதான் மூன்று மாதமும் தூங்கினாள், எழுந்தாள்.

பண்ணை மேற்பார்வையாளர் சரவணமுத்துவைப் போனில் அழைத்தாள்.

"அண்ணா, நம்ம ஆராய்ச்சிக் கோழியில ஏதாச்சும் செத்துச்சுங்களா?"

"சாகாம இருக்குமுங்களா டாக்டரம்மா? வெயிலுக்குக் கொஞ்சம் போச்சுங்க."

"தாள்ல நூத்தி இருபதுன்னே எழுதியிருக்கறீங்களே."

"நூத்தி இருபதுதானுங்க இருந்துச்சு. செத்ததை அன்னன்னிக்கே எடுத்துப்போட்டு மேல் செட்டுல இருந்து புடிச்சு உட்டுட்டமுங்க. நம்ம பண்ணையில கூண்டைக் காலியா உடற பழக்கமே இல்லீங்க." குரலில் ஒரு பெருமை இருந்தது. "உங்க கணக்குல ஒண்ணு கொறைஞ்சுறக் கூடாதுன்னு நானே நின்னு பார்த்தனுங்க."

"எத்தனை மாத்துனீங்க?"

"அதை யாருங்க எழுதி வெச்சா?"

பதினைந்து நிமிடத்தில் அவள் மடிக்கணினியோடு ஸ்கூட்டியில் ஏறியிருந்தாள். புதன்சந்தைக்குப் போகும் சாலையில் ஆனி மாதத்துக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் இரண்டு முன்னால் மெதுவாகப் போய் வழியை அடைத்தன. சிறு பெட்டி ஒன்று கேட்ட கேள்விக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று பாதி வழியில் ஒருமுறை தோன்றியது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், ஒரே பத்தியில் எழுதி அனுப்பிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு உட்காரலாம். அங்கே யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கப்போவதில்லை. வண்டி மட்டும் திரும்பாமல் நேராகவே போனது.

பண்ணை அவளுடைய அப்பாவின் சிநேகிதர் சின்னுசாமியுடையது. மொத்தம் நாற்பதாயிரம் கோழிகள். ஆய்வுக்கென்று, செட்டு என்று அவர்கள் சொல்லும் கொட்டகைகளில் கீழ் செட்டில் இரண்டு வரிசையை அவர்தான் ஒதுக்கிக் கொடுத்தார். தனப்பிரியா நேராக அந்த வரிசைகளுக்குப் போனாள். பொடி தின்ற கோழிகளின் காலில் நீல வளையம். தின்னாதவற்றின் காலில் மஞ்சள் வளையம். ஒன்றிலும் எண் கிடையாது. இன்று முதல்முறையாக அவள் முட்டைகளை விட்டுவிட்டுக் கோழிகளைப் பார்த்தாள். அறுபது வாரக் கிழடுகளுக்கு நடுவே சில கோழிகளின் கொண்டை செக்கச்செவேல் என்றிருந்தது, கழுத்துச் சிறகு கொட்டாமல் இருந்தது. எல்லாம் இளசு. கால்நடை மருத்துவம் படித்தவள், பன்னிரண்டு சனிக்கிழமை இதே இடத்தில் நின்றிருக்கிறாள். நினைத்தபோது காது மடல் சூடேறியது.

"மேல் செட்டுக் கோழிக்கு எத்தனை வாரம்ங்கண்ணா?"

"அப்ப இருபத்தெட்டு, முப்பது இருக்குமுங்க. நல்லா முட்டை உடற பருவம்." சரவணமுத்து நாற்பது வயதுக்காரர், பின்னாலேயே வந்து நின்றார். "நல்ல கோழியாப் பார்த்துத்தானுங்க புடிச்சு உட்டது. உங்களுக்குன்னு."

"அதுக்குக் காலுல வளையம் எப்படி வந்துச்சு?"

"நீங்கதானுங்களே மிச்ச வளையத்தைக் குடுத்துட்டுப் போனீங்க?"

அவள் சட்டென்று திரும்பினாள். "அந்த மிச்சத்துலயும் மிச்சம் இருக்குதுங்களா?"

அலுவலக அறை மேசை இழுப்பறையில், தடுப்பூசிக் குப்பிகளுக்கு அடியில் இரண்டு பாலிதீன் உறைகள் கிடந்தன. நீலத்தில் நூற்றைம்பது, மஞ்சளில் நூற்றைம்பது வாங்கியிருந்தாள். நிறத்துக்கு நூற்றிருபது மாட்டியது போக முப்பது முப்பது இருக்க வேண்டும். மேசைமேல் கொட்டி எண்ணினாள். மஞ்சள் இருபத்திரண்டு. நீலம் பதினொன்று. கலைத்துப் போட்டு மறுபடியும் எண்ணினாள். மஞ்சள் இருபத்திரண்டு. நீலம் பதினொன்று.

பொடி தின்னாத வரிசையில் எட்டுக் கோழிகள் மாறியிருக்கின்றன. பொடி தின்ற வரிசையில் பத்தொன்பது.

"ஒடைஞ்சு போனது உண்டுங்களா?"

"ரெண்டோ மூணோ ஒடைஞ்சிருக்குமுங்க," என்ற சரவணமுத்துவுக்கு இப்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. "ஏனுங்க டாக்டரம்மா, நான் எதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

"தப்பு என்னோடதுங்கண்ணா. உங்களுக்கு நான் சொல்லவே இல்லை."

அந்த நான்கு முட்டைகளை இட்டது பொடியல்ல, மேல் செட்டு இளசுகள். பொடி தின்றவற்றில் செத்தவைதான் அதிகம். மணி மூன்றரை. அவள் சந்திரசேகரை அழைத்தாள். சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டில் இருந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், கோபம் வந்தாலும் குரலை உயர்த்தாதவர். எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"சரி. பெட்டியை எடுத்துடு. பத்தியில எழுது."

"சார்?"

"முட்டை கூடுச்சா இல்லையா? கூடுச்சு. அதை எழுது. மேலும் ஆய்வு தேவைன்னு கடைசியில ஒரு வரி போட்டுடு. அதுல பொய் எங்க இருக்கு?"

"பொய் இல்லைங்க சார். பெட்டி இல்ல, அவ்வளவுதான்."

"தனப்பிரியா, யோசிச்சுப் பேசு. பத்தொன்பதுன்னு நீ எதை வச்சுச் சொல்ற? மிச்ச வளையத்தை எண்ணி. எந்த நடுவரும்மா அதை ஏத்துப்பான்? நீல வரிசை மேற்கு ஓரம்தானே, சாயங்கால வெயில் முழுக்க அதுலதான் விழும். பொடியால செத்ததா வெயிலால செத்ததா, உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"தெரியாததை எழுதி, ஒரு வருஷத்தைக் கோட்டை விடப் போறியா?"

அவர் சொன்னதில் ஒவ்வொன்றும் சரி. அதுதான் அவளை உலுக்கியது. அவள் வாய் திறக்கும்முன், வெளியே புல்லட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "யோசிச்சுட்டுக் கூப்புடறேனுங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

சின்னுசாமி வெள்ளைச் சட்டை கசங்காமல் உள்ளே வந்தார். "வா சாமி, எப்ப வந்த? சோறு உண்டியா? மூஞ்சி வாடிக் கெடக்குது."

"உண்டுக்கறேனுங்க மாமா."

"சேலத்துல புஸ்தகம் போடறாங்களாமே, நம்ம பண்ணை பேரு வருதா? நம்ம பண்ணைக்காரங்க சங்கத்துல நானூறு பேருக்கும் ஒண்ணொண்ணு தராங்களாம். முழுசாவா படிக்கப் போறோம், மேல போட்டிருக்கற அந்தப் பத்து வரியைப் படிப்போம். அது போதும்." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நான் புஸ்தகம் வார வரைக்கும் நிக்கலை. மேல் செட்டுல பன்னெண்டாயிரத்துக்கும் உன்ற பொடியைத் திங்கட்கிழமை ஆரம்பிச்சுட்டேன்."

தனப்பிரியா மேசைமேல் கிடந்த வளையங்களைப் பார்த்தாள். நானூறு பேர். பத்து வரி. அந்தப் பத்து வரியில் நான்கு முட்டை இருக்கும், பத்தொன்பது கோழி இருக்காது. ஒருவருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வரும் இடத்தையே எடுத்துவிட்ட வடிவம் அது.

மடிக்கணினியைத் திறந்தாள். மணி நாலு பத்து. முடிவில் எத்தனை என்ற பெட்டியில் இருநூற்று நாற்பதை அழித்தாள். இருநூற்றுப் பதின்மூன்று என்று அடித்தாள். முறை என்ற பெட்டியில், இறந்த கோழிகளுக்குப் பதிலாக இளங்கோழிகள் விடப்பட்டது ஆய்வாளருக்கு அப்போது தெரியாது என்றும், இறப்பு எண்ணிக்கை பயன்பட்ட கால் வளையங்களைக் கொண்டு கணிக்கப்பட்டது, இரண்டு மூன்று பிசகலாம் என்றும் எழுதினாள். நீல வரிசை மேற்கு ஓரத்தில் இருந்ததையும் எழுதினாள். முடிவு என்ற பெட்டிக்கு வந்தபோது விரல்கள் தயங்கின. முட்டை உயர்வைப் பொடியின் பலனாகக் கொள்ள முடியாது. பொடி தின்ற வரிசையில் இறப்பு பத்தொன்பது, தின்னாததில் எட்டு; இரண்டு மடங்குக்கு மேல். காரணம் அறியப்படவில்லை. மூன்று மாத உழைப்பு மூன்று வரியில் முடிந்துபோனது.

அனுப்பு என்ற பொத்தானைத் தொட்டாள். வழிகாட்டியின் கைபேசிக்கு ஓர் எண் போயிருக்கிறது, அதை இங்கே இட்டால்தான் ஏற்கப்படும் என்று திரை சொன்னது. வடிவத்தை இனி மாற்ற முடியாது என்றும் சொன்னது. மணி நாலு நாற்பத்தொன்று.

சந்திரசேகர் இரண்டாவது முறை மணி அடித்தபோதுதான் எடுத்தார்.

"எண் வந்திருக்கு. எந்த வடிவம்?"

"பெட்டிதானுங்க சார்."

"முடிவைப் படி."

அவள் படித்தாள். சின்னுசாமி எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிந்தே, குரலைத் தாழ்த்தாமல் படித்தாள். பத்தொன்பது என்ற இடத்தில் அவர் நாற்காலி கிறீச்சிட்டது.

"இதை ஏத்துக்க மாட்டாங்க. தெரியும்ல?" என்றார் சந்திரசேகர்.

"தெரியும்ங்க சார்."

"உன் வீட்ல என்ன சொல்லுவ?"

"இன்னும் யோசிக்கலைங்க சார்."

அழைப்புத் துண்டிக்கப்பட்டதா என்று அவள் திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நாலு நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.

"என் பேரும்தான் அதுல இருக்கு," என்றார் அவர் கடைசியில். "காலையில நானே பார்த்திருக்கணும். ஒண்ணுகூடச் சாகலைன்னதும் எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. எழுதிக்கோ. ஏழு, சைபர், நாலு."

அவசரத்தில் நாலுக்குப் பதில் ஐந்து விழுந்தது. அழித்தாள்.

"நாலு, ரெண்டு, ஒம்பது. போட்டாச்சா?"

"போட்டுட்டேனுங்க சார்."

"திங்கட்கிழமை வந்து பாரு. அடுத்த ஆய்வை எப்படித் தொடங்கறதுன்னு பேசணும்." வைத்துவிட்டார்.

திரையில் வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்து நின்றது. தங்கள் சுருக்கம் கிடைக்கப்பெற்றது. நாலு ஐம்பத்திரண்டு.

தனப்பிரியா நிமிர்ந்தாள். சின்னுசாமி அவளைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற சரவணமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரவணமுத்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தொம்பது நம்ம பண்ணையிலயா சாமி?"

"ஆமாங்க மாமா."

"அது அந்தப் புஸ்தகத்துல வருமா?"

"ஏத்துக்கிட்டா வரும்ங்க. ஏத்துக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கறேன்."

"அப்ப நானூறு பேருக்கும் தெரியாது."

"தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியும்."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தாள். அவர் கோபத்தை ஊரே அறியும். அவர் எழுந்து ஜன்னலருகே போய், மேல் செட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார்.

"திங்கட்கெழமையில இருந்து மேல எத்தனைய்யா போச்சு?"

"நேத்து ஆறுங்க. இன்னிக்கு இன்னும் பாக்கலீங்க," என்றார் சரவணமுத்து.

"அதுக்கு முந்தி?"

"ஒண்ணு, ரெண்டுங்க."

"போய் நிறுத்துய்யா," என்றார் சின்னுசாமி, திரும்பாமலே.

சரவணமுத்து ஓடினார். கொஞ்ச நேரத்தில், தீவனம் அரைக்கும் மிசின் கரகரத்துக்கொண்டே வேகம் குறைந்து நின்றது. மத்தியானத்திலிருந்து அது ஓடிக்கொண்டிருந்தது தனப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மடிக்கணினியை மூடிவிட்டு, அப்பாவின் எண்ணைத் தேடினாள்.