ஐயா வாசிக்காமல் விட்ட வரிகள்

1

இந்தக் கதை ஒரு காலண்டரிலிருந்து பிறந்தது. ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் எனக்குச் சட்டைத்துணி கிழித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலண்டரில் எரேமியா தீர்க்கதரிசியின் வசனம். உங்களைப் பற்றி நான் நினைப்பது கெடுதலை அல்ல, நல்லதையே என்று கடவுள் ஆறுதல் சொல்லும் இடம். வீட்டுக்கு வந்ததும் வேதாகமத்தை எடுத்து, அந்த வசனத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். காலண்டரில் போடாத சங்கதி இருந்தது. அது பின்னால் வரும்.

இரண்டாவது காரணம், பாகான் டாலாம் என்ற ஊரில் ஒரு விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா. "எங்க கல்யாணம் ஜப்பான்காரன் காலத்துல. கேக்கு, மரவள்ளிக்கிழங்குலதான்" என்றார். அதற்குள் யாரோ அவரைப் படம் பிடிக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை நான் கேட்கவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் கற்பனை, பெயர்கள் உட்பட.

2

முதல் வரிக்காகப் பல தாள்கள் வீணாயின.

"1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் மீது விமானங்கள் வந்தபோது செல்வநாயகி—"

வேண்டாம். குண்டில் தொடங்கினால் கதை முழுக்க அந்தச் சத்தம்தான் கேட்கும்.

"செல்வநாயகி பார்ப்பதற்குச் சாதுவானவள், ஆனால்—"

இதுவும் வேண்டாம். அவளுடைய தகப்பனார் கனகசுந்தரம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த சொல்லில் தொடங்குகிறேன்: "இன்னும் ரெண்டு மாசம்."

கனகசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனுக்கு வந்து, ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி யோகம்மா, குண்டுக்குப் பயந்து மலைப்பக்கம் ஓடிய நாட்களில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். பர்மா ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த வீட்டில் இப்போது அவரும் ஒரே மகள் செல்வநாயகியும்தான். ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டும் டிரெசர் கார்த்திகேசுவுக்கு அவளை நிச்சயம் செய்து, 1942 ஜனவரியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். ஜனவரிக்கு முன்னே ஜப்பான்காரன் வந்துவிட்டான். கனகசுந்தரம் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்.

மளிகைக்கடை பஷீரிடம் தினம் ஒரு செய்தி இருக்கும். யாரோ ஒளித்து வைத்த ரேடியோவில் யாரோ கேட்டதாம். வெள்ளைக்காரன் கப்பல் புறப்பட்டுவிட்டதாம். இன்னும் இரண்டே மாதமாம். கனகசுந்தரம் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவார். பூச்செடிகளைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி ஊன்றலாமா என்று மகள் கேட்டால், கிழங்கு முற்றுவதற்குள் அரிசிக் கப்பல் வந்துவிடும் என்பார். இரண்டு மாதம் முடியும். கப்பல் வராது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. மறுநாள் திரும்பவும் பஷீர் கடைக்குப் போய் நிற்பார். இப்படியே 1943ம் பிறந்துவிட்டது.

(வாசகர் இந்த மனிதரைப் பார்த்துச் சிரித்துவிடக்கூடாதே என்று எனக்குக் கவலை. பட்டினி கிடந்த ஊரில் நல்ல செய்தி சொல்பவனைத் தேடிப் போகாதவர் யார்?)

3

அந்த வீட்டில் மாலை ஜெபத்தில் நாளுக்கு ஓர் அதிகாரம் வாசிப்பது வழக்கம். வம்ச அட்டவணை வந்தால்கூட ஒரு பெயர் விடாமல் வாசித்து முடிப்பார் கனகசுந்தரம். அந்த வாரம் எரேமியா நடந்துகொண்டிருந்தது. எருசலேம் மக்களில் ஒரு கூட்டத்தைப் பாபிலோன் ராஜா சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டான். அனனியா என்று ஒருவன் எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்று சொல்கிறான். அது பொய் என்கிறார் எரேமியா. செல்வநாயகிக்குப் பஷீர் ஞாபகம் வந்து சிரிப்பு முட்டியது. தகப்பனார் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் அடுத்த அதிகாரம். சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். கனகசுந்தரம் நான்கைந்து வரி வாசித்தார். மூச்சு வாங்குவது போல நின்றார். பிறகு நேரே அந்த ஆறுதல் வசனத்துக்குப் போய், அதைக் கணீரென்று வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடப் போனார்.

"ஐயா, நடுவில கொஞ்சம் விட்டிட்டீங்கள்" என்றாள் செல்வநாயகி.

கண் மங்கலாக இருக்கிறது என்றார். அவள் புத்தகத்தை வாங்கித் தானே வாசித்தாள். அந்த ஊரிலேயே வீடு கட்டிக் குடியிருங்கள் என்று இருந்தது. தோட்டம் போட்டு, அதில் விளைவதைச் சாப்பிடுங்கள். மகன்களுக்கும் மகள்களுக்கும் கல்யாணம் செய்துவையுங்கள். உங்களைக் கொண்டுபோய் வைத்திருக்கும் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். ஆறுதல் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் எழுபது வருஷம் கழித்து நடக்கப்போவதாக.

எழுபது என்ற இடத்தில் அவள் குரல் இறங்கியது. ஆனால் பயம் வரவில்லை. (எழுதும்வரை எனக்கும் இது தெரியாது.) இரண்டு மாதம் என்று கேட்கும்போதெல்லாம் அவளுக்குள் ஏதோ எகிறிக் குதித்துப் பிறகு விழும். இப்போது அது அடங்கி உட்கார்ந்தது. எழுபது வருஷத்தை நாள் எண்ணிக் கழிக்க யாராலும் முடியாது. அப்படியானால் கடவுள் எண்ணச் சொல்லவில்லை. நட்டு, சமைத்து, பிள்ளை பெற்று, நடுவில் இருக்கிற காலத்தையும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். முடிவு தன் பொறுப்பு என்கிறார்.

அவள் அந்த வரிகளை இன்னொரு தடவை வாசித்தாள், தகப்பனாருக்காக அல்ல, தனக்காக.

4

முதல் பிரதியில் கனகசுந்தரத்தை வெறும் பிடிவாதக்காரராக எழுதியிருந்தேன். அது சரிப்படவில்லை. வேதத்தில் ஒரு பெயரைக்கூட விடாதவர், மகளின் கல்யாணத்தைத் தொடும் வரியை ஏன் விட்டார்?

நான் கண்டுபிடித்தது இது. யோகம்மா சாகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். மகளின் கல்யாணம் பேசியபடி நடக்கவேண்டும்: பேண்டு வாத்தியம், அடுக்குக் கேக், ஊர் கூடிய பந்தி. அவர் சரி என்றார். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் அவருக்குப் பழைய உலகம் திரும்பி வரவேண்டியிருந்தது.

அதை அவர் மகளிடம் சொன்னார்.

"இப்ப செய்தால், இதுதான் எங்கட காலம் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி, பிள்ளை."

"இதுதானே ஐயா எங்கட காலம். இதுக்குள்ளதானே இருக்கச் சொல்லுறார்."

மறுநாள் காலை அவள் எழுந்து வந்தபோது முன்புறத்தில் மண்வெட்டிச் சத்தம். யோகம்மா வைத்த ரோஜாச் செடிகளை அவரே வேரோடு எடுத்துக்கொண்டிருந்தார்.

5

கல்யாணம் நடுப்பகலில் நடந்தது. தமிழ்ப் போதகர் செய்துவைத்தார். செல்வநாயகி தாயின் கூறைப்புடவையைக் கட்டியிருந்தாள். பேண்டுக்குப் பதில் எல்லோருமாகச் சேர்ந்து பாடினார்கள். சுருதி சேரவில்லை, யாரும் கவலைப்படவில்லை.

கேக் விஷயத்தைப் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் ரோஹானா எடுத்துக்கொண்டாள். மரவள்ளியைத் துருவிப் பிழிந்து, தேங்காய்ப்பால் சேர்த்து, வாழையிலை விரித்த தட்டில் ஊற்றி, மேலும் கீழும் தணல் வைத்து வேகவைத்தாள். சர்க்கரை பஷீர் கொண்டுவந்தது. எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. அன்று கனகசுந்தரம் அவரிடம் செய்தியும் கேட்கவில்லை.

கேக் ஒரே அடுக்குதான். வெட்டியபோது உள்ளே பொன்னிறமாக இருந்தது.

6

இங்கேயே முடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் கஷ்டமான வரிகளைத் தாண்டி வாசித்த ஒருவரைப் பற்றி எழுதிவிட்டு நானே அதைச் செய்ய முடியாது.

சில மாதங்களில் கார்த்திகேசுவை ஜப்பான்காரர்கள் சயாம் நாட்டுக்கு அனுப்பினார்கள். ரயில் பாதை போடப் போன தொழிலாளிகளின் முகாமில் மருந்து கட்டும் வேலை. படகில் கடலைத் தாண்டி, எதிர்க்கரையில் இருந்த பிறை ரயில் ஸ்டேஷன்வரை செல்வநாயகியும் போனாள். அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது.

"வருவன் எண்டு சொல்ல ஏலாது. போற இடத்தில என்ர வேலையைச் செய்வன்" என்றான் அவன்.

எப்போது என்று அவளும் கேட்கவில்லை.

"அவள் திடமாக நின்றாள், ஏனென்றால் அவளுடைய விசுவாசம்—"

பொய். அவள் வாரக்கணக்கில் அழுதாள். வேதத்தைத் திறக்கவில்லை. திறந்தபோது, பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். ஜப்பான்காரன் கொடி பறக்கிற ஊருக்காக எப்படி? முடியவில்லை. தங்கள் சந்துக்காக மட்டும் ஜெபித்தாள். ரோஹானாவின் குழந்தைகளுக்காக. பஷீரின் இருமலுக்காக. அறுவடை முடிந்ததும் மரவள்ளிக் குச்சிகளை வெட்டி வீடு வீடாகக் கொடுத்தாள். அடுத்த மழைக்குச் சந்து முழுக்க இலை தலையாட்டியது. பெண் குழந்தை பிறந்தது. யோகம்மா என்று பெயர் வைத்தார்கள்.

1945ல் ஒரு நாள் பஷீர் ஓடி வந்து, வெள்ளைக்காரன் இரண்டு மாதத்தில் வந்துவிடுவான் என்றார். வரட்டும் என்று சொல்லிவிட்டு, கனகசுந்தரம் பேத்தியைத் தோளில் வைத்தபடி களை பிடுங்கிக்கொண்டிருந்தார். அந்தத் தடவை பஷீர் சொன்னது உண்மையாகிவிட்டது.

7

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் கார்த்திகேசு திரும்பி வருகிறான். எலும்பும் தோலுமாக, மலேரியாவில் மஞ்சளித்து, தன் மகளுக்கு அந்நியனாக. இன்னொன்றில் அவனோடு அதே முகாமில் வேலை பார்த்த ஒருவன் வருகிறான், நேரில் சொல்லவேண்டிய செய்தியோடு. சயாமுக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் ஏராளம். எதை எழுதினாலும் யாரோ ஒருவருக்கு நான் துரோகம் செய்தவனாவேன்.

ஆனால் இரண்டு பிரதியிலும் ஒரு பத்தி ஒரு சொல் மாறாமல் அமைந்துவிட்டது. நான் திட்டமிடவில்லை. அதை மட்டும் தருகிறேன்.

காலை வெயிலில் வாசல் படலையடியில் ஒரு மனிதன் நிற்கிறான். வெளிச்சம் அவன் முதுகுப்பக்கம் இருப்பதால் முகம் தெரியவில்லை. சட்டை கழியில் மாட்டியது போலத் தொங்குகிறது. அவன் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். செல்வநாயகி இடுப்பில் இருந்த பிள்ளையை இறக்கிவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படலையைத் திறக்கிறாள்.

"முதல்ல வந்து சாப்பிடுங்கோ. பிறகு கதைப்பம்."

அவன் உள்ளே வந்து உட்காருகிறான். அவள் பரிமாறுகிறாள். சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் அவனைப் பேசவிடப் போவதில்லை. அதற்குப் பிறகு என்ன சொன்னான் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.