நாலு சில்லுக்கும் டிஸ்க்

பிரக்கிராசி தில்லைநாதனுக்கு உலகத்தில் இரண்டே எதிரிகள். ஒன்று, டொக்டர் செல்வநாயகம். மற்றது, டொக்டர் செல்வநாயகத்தின் புதுக் காரில் முன்சில்லு இரண்டுக்கும் பூட்டியிருந்த டிஸ்க் பிறேக்.

சாவகச்சேரி நீதிமன்றத்தில் வழக்குப் பேசும்போது தில்லைநாதன் கட்சிக்காரனின் பெயரை மறந்தாலும் மறப்பார், தம்முடைய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மறக்கமாட்டார். சிவப்புக் கார். இரண்டு பேர் இருக்கலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. கூரை என்று சொல்லிக்கொள்ள ஒரு கன்வஸ் துண்டு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. துரை போய்விட்டார்; துரைத்தனம் மட்டும் காரோடு தென்மராட்சிக்கு வந்து தில்லைநாதன் மேல் ஏறிக்கொண்டது. கார் வந்த அதே ஆவணியில்தான் அவர் மகாதேவியையும் கலியாணம் செய்தார். காரைத் தினமும் காலையில் துடைத்தார்.

மகாதேவி கணித ரீச்சர். கலியாணத்துக்கு அடுத்த தை மாதம் அவளைக் கரவெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். விடியற்காலையில் வெளிக்கிட்டு, கொடிகாமத்தில் இறங்கி, பருத்தித்துறை பஸ்ஸுக்குத் தவம் கிடக்க வேண்டும். பஸ் வந்தால் நிற்காது, நின்றால் இடமிராது. எட்டரைக்கு அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறிவிடுவார். மாதத்தில் ஏழெட்டு நாள் அவளுடைய கையெழுத்து அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடந்தது. அடுத்த தவணையும் இப்படியென்றால் மேலிடத்துக்கு எழுதத்தான் வேண்டும் என்று அதிபர் முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டார்.

"அப்ப வேலையை விட்டிட்டு வீட்டிலை இருமன்" என்றார் தில்லைநாதன், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக மட்டுமல்ல. கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போதுதான் அவள் சொல்வதை நாலு பேர் காதில் வாங்கி எழுதிக்கொண்டார்கள். வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இருக்கவில்லை.

நீதிமன்றம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கார் அந்தத் தூரத்தை ஓடிவிட்டு, மிச்சப் பொழுதெல்லாம் மாமரத்துக்குக் கீழே போர்வை மூடிக்கொண்டு நித்திரை கொள்ளும். அதை ஓட்டிக்கொண்டு கரவெட்டிக்குப் போனால் என்ன என்று மகாதேவி கேட்டு மூன்று வருடமாகிறது. கார் பழகுவதற்கான லைசென்ஸையும் எடுத்து அலுமாரிக்குள் வைத்திருந்தாள். முதல் வருடம் கிளச் சரியில்லை என்றார். அடுத்த வருடம் ஸ்ரியறிங் பாரம், பெண்பிள்ளையின் கை தாங்காது என்றார். இந்த வருடம் பிறேக்.

"பின்னாலை ரண்டும் பழைய ட்ரம் பிறேக். உமக்கு விளங்காது, அது மாட்டு வண்டிக்குத்தான் சரி. இப்ப சீமையிலை நாலு சில்லுக்கும் டிஸ்க்தான். அதைப் பூட்டிப் போட்டு உமக்குப் பழக்கிறன்."

"சத்தியமாய்?"

"நான் ஒரு பிரக்கிராசி. சொன்ன சொல் மாறுவனே?"

அவருடைய காருக்கும் முன்னால் டிஸ்க் இருந்தது. டொக்டரின் காருக்கும் முன்னால் இருந்தது. அதுதான் நெஞ்சுக்குள் முள்ளாய்க் குத்தியது. பின்னாலும் பூட்டிவிட்டால் நாலு ஆகும். டொக்டருக்கு இரண்டே இரண்டு. கணித ரீச்சரின் உதவியில்லாமலே அவர் போட்டு முடித்த கணக்கு இது ஒன்றுதான்.

மெக்கானிக் இராசநாயகம் நல்ல தொழிலாளி, நாக்கு மட்டும் கொஞ்சம் நேரானது. வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் இறக்கமுடியாத காலம். பளையில் பனையோடு மோதிச் செத்த ஒரு காரின் முன்சில்லுப் பிறேக்குகளைக் கழற்றிக்கொண்டு வந்தான். தடித்த இரும்புத் தகட்டை வெட்டித் துளைபோட்டு, அவற்றைச் சிவப்புக் காரின் பின் அச்சில் பிடிக்க வைத்தான். எல்லாம் சரியாக வந்தது. ஒன்றைத் தவிர.

"ஐயா, ஒரு சங்கதி. ஹான்ட்பிறேக் இழுக்கிற கம்பி பழைய ட்ரம்மிலைதான் பிடிக்கிறது. ட்ரம் போனால் அது பிடிக்க ஒண்டுமில்லை. இது முன்சில்லுச் சாமான், இதிலை ஹான்ட்பிறேக்குக்கு வழி இல்லை."

"அதுக்கென்ன?"

"காரை விட்டிட்டு இறங்கினால் நிக்காது, ஐயா. மேடு பள்ளத்திலை உருண்டிடும்."

தில்லைநாதன் சிரித்தார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சாட்சியைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. "எட, யாழ்ப்பாணத்திலை மேடு எங்கையடாப்பா? ஒரு மலை காட்டு பாப்பம். ஒரு பள்ளம் காட்டு. பருத்தித்துறையிலை உருட்டிவிட்ட மாபிள் ஆனையிறவு மட்டும் நேராய்ப் போகும். ஹான்ட்பிறேக் கண்டிக்காரனுக்கு. எங்களுக்கு எதுக்கு?"

இராசநாயகம் மகாதேவியைப் பார்த்தான். மகாதேவி மாமரத்தைப் பார்த்தாள். ஹான்ட்பிறேக் வேண்டும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் பிறேக் வேலை இன்னும் ஒரு வருடம் இழுபடும். பிறகு பள்ளிக்கூட வேலையும் இராது, கார் பழக்கமும் இராது. வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பாவத்தில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஹான்ட்பிறேக் பிடியைக் கழற்ற மட்டும் தில்லைநாதன் விடவில்லை. உள்ளே பார்க்கிறவர்களுக்கு வடிவாக இருக்க வேண்டுமாம். பொலிஷ் போட்டு மினுக்கி வைத்தார். காரை நிறுத்தினால் கியரில் போட்டு எஞ்சினை நிற்பாட்ட வேண்டும், சில்லுக்கு ஒரு செங்கல்லும் வைக்கவேண்டும் என்று இராசநாயகம் மூன்று தரம் சொல்லி, ஒரு செங்கல்லையும் கையோடு கொடுத்துவிட்டான்.

பிறகு குழாய்களுக்குள் போன காற்றை எடுக்கவேண்டும். ஒரு ஆள் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட, இன்னொரு ஆள் மேலே இருந்து பிறேக்கை மிதிக்கவேண்டும். தில்லைநாதனுக்கு வேட்டி மடிப்புக் கலையும். ஆகவே மகாதேவி மிதித்தாள். மூன்று வருடத்தில் அந்த ஆசனத்தில் அவள் இருந்தது அப்போதுதான் முதல் தடவை.

"ரீச்சர், மிதியுங்கோ. பிடியுங்கோ. இப்ப விடுங்கோ" என்று காருக்குக் கீழேயிருந்து குரல் வரும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்னேரம் பின்னேரமாக நாலு நாள் மிதித்தாள். காற்று முழுவதும் போகும்வரை பெடல் சதசதவென்று போனது. ஐந்தாம் நாள் காலுக்குக் கீழே கல்லுப் போல நின்றது. அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. இதற்கிடையில் கிளச் எது, கியர் எப்படி விழும் என்று இராசநாயகத்திடம் வாயால் கேட்டுப் பாடமாக்கியும் வைத்துக்கொண்டாள்.

"இனிப் பழக்கிறியளோ?" என்று அன்றிரவே சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"முதலிலை கோயிலிலை பூசை வைக்க வேணும்" என்றார் தில்லைநாதன். "பிறகு பாப்பம். இப்ப உது சும்மா கார் இல்லை. நாலு டிஸ்க். தொட்டவுடனை நிக்கும். உந்த மாதிரிச் சாமானைப் பொம்பிளையளின்ரை கையிலை குடுக்கிறதெண்டால் யோசிக்க வேணும்."

மகாதேவி அகப்பையைச் சோற்றுக்குள் குத்தி வைத்துவிட்டு உள்ளே போனாள். எரிச்சலில் அவளுக்குக் கண் கலங்கியது. பிறேக் பிடிக்காவிட்டாலும் கொடுக்கமாட்டாராம், பிடித்தாலும் கொடுக்கமாட்டாராம்.

பூசைக்கு அவர் தேர்ந்தெடுத்த கோயிலைக் கேட்டால் பிள்ளையாரே தும்பிக்கையால் தலையில் அடித்துக்கொள்வார். குளக்கட்டுப் பிள்ளையார் கோயில். சுற்றுவட்டாரத்தில் மேடு என்று ஒன்று இருந்தால் அது அந்தக் குளக்கட்டுத்தான். கட்டின்மேல் ரோட்டு, ரோட்டுக்கு ஒருபக்கம் கோயில், மறுபக்கம் மாடுகள் தண்ணீர் குடிக்க இறங்கும் சரிவு. மாரி மழைக்குக் குளம் முட்டிக் கிடந்தது. ஆனால் டொக்டர் செல்வநாயகம் வெள்ளிக்கிழமை தவறாமல் கும்பிடுகிற கோயில் அது. அதற்குமேல் வேறென்ன யோசிக்க இருக்கிறது?

வெள்ளிக்கிழமை. கார் பிள்ளையாருக்கு முகத்தையும் குளத்துக்கு முதுகையும் காட்டிக்கொண்டு சரிவின் விளிம்பில் நின்றது. இராசநாயகம் பின்சில்லுக்குச் செங்கல்லை வைத்தான். சுமங்கலி இருந்தால் நல்லது என்று ஐயர் சொன்னதால், மகாதேவி பூசைத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்கத்து ஆசனத்தில் இருந்தாள். வலப்பக்கத்தில் தில்லைநாதன் காலைப் பிறேக்கில் வைத்தபடி, எஞ்சினை உறும விட்டுக்கொண்டிருந்தார். காரைக் கியரில் போடவில்லை. எஞ்சின் நின்றுவிட்டால் டொக்டருக்கு எப்படிச் சத்தம் கேட்கும்? ஐயர் நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காயை வைத்தார்.

டொக்டர் வந்தார். தில்லைநாதன் துள்ளி இறங்கினார். செங்கல் பிடித்துக்கொண்டது.

"வாரும் டொக்டர். பின்னாலை வந்து பாரும். நாலுக்கும் டிஸ்க்."

டொக்டர் குனிந்தார். "நல்லது தில்லை. உதென்ன, செங்கல்லு?"

பிரக்கிராசியின் முகம் கறுத்தது. சீமைத் தொழில்நுட்பத்துக்குப் பக்கத்தில் சுன்னாகத்துச் சூளைக் கல். "உது ஆரோ பெடியள் எறிஞ்சது" என்று சொல்லிக்கொண்டே காலால் ஒரு உதை விட்டார். செங்கல் சரிவில் உருண்டு போய்த் தண்ணீருக்குள் விழுந்தது.

"ஐயா!" என்று இராசநாயகம் கத்தினான்.

மகாதேவிக்கு முதலில் விளங்கவில்லை. பிள்ளையார் கொஞ்சம் பின்னுக்குப் போவது போல இருந்தது. பிறகு ஐயரும் போனார். பிறகு திறந்த வாயோடு அவளுடைய கணவரும் தூரமாகிக்கொண்டு போனார். ரோட்டில் முன்சில்லுகளுக்கு வைத்த இரண்டு தேசிக்காயும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. கார்தான் அங்கே இல்லை.

தட்டத்தை அவள் வெளியே எறிந்தாள். சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துக்கொண்டு, கியர்க் கம்பியைத் தாண்டி வலக்காலைப் போட்டு, நடுப் பெடலைத் தேடி மிதித்தாள். பின்சில்லுகள் ஏற்கனவே தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. கார் ஆணி அடித்தது போல நின்றது. புகைக்குழாய் தண்ணீருக்குள் குளுகுளுத்தது. எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது.

"காலை எடுக்காதையும்! காலை எடுக்காதையும்!" தில்லைநாதன் ஓடிவந்தார். கதவடியில் மூச்சு வாங்கி நின்று, "மெல்ல இறங்கும். நான் ஏறுறன்" என்றார்.

"நான் காலை எடுத்தால் கார் குளத்துக்கை போயிடும்" என்றாள் மகாதேவி, வகுப்பில் கணக்கு விளக்குகிற குரலில். "நீங்கள் பின்னாலை போய்த் தள்ளுங்கோ."

வேறு வழி இருக்கவில்லை. பிரக்கிராசி பட்டு வேட்டியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். டொக்டர் இறங்கினார். இராசநாயகம் இறங்கினான். கும்பிட வந்த வேறு இரண்டு பேரும் இறங்கினார்கள். ஐயர் மட்டும் மேலே நின்று மந்திரத்தால் உதவி செய்தார். இதற்கிடையில் மகாதேவி மற்றக் காலையும் எடுத்துப் போட்டு, ஓட்டுகிற ஆசனத்தில் ஒழுங்காக இருந்துகொண்டாள்.

தள்ளுகிறவர்கள் களைத்தால் அவள் மிதிப்பாள், கார் அந்த அங்குலத்திலேயே நிற்கும். மூச்சு வந்ததும் விடுவாள், தள்ளுவார்கள். எருமைச் சேறு தில்லைநாதனின் தங்கச் சங்கிலிவரைக்கும் ஏறியது.

"பின்பிறேக் அந்த மாதிரிப் பிடிக்குது, தில்லை" என்றார் டொக்டர், தள்ளியபடியே. அதில் பொய்யில்லை.

மேலே கட்டுக்கு வந்து, கார் சமதரையில் நின்றது. இராசநாயகம் எஞ்சின் மூடியைத் திறந்து எதையோ துடைத்து மூடினான். "ரீச்சர், இனி அடிச்சுப் பாருங்கோ." அடித்தாள். பிடித்தது. கிளச்சை மிதித்து, பாடமாக்கியபடி முதல் கியரைப் போட்டாள். கார் ஒரு தரம் குதித்தது, ஒரு தரம் முக்கியது, பிறகு தேசிக்காய்களைச் சளக்கென்று நசுக்கிக்கொண்டு முன்னேறி, கோயில் வீதியைத் தாண்டி ரோட்டில் திரும்பி நின்றது.

தில்லைநாதன் ஓடி வலப்பக்கக் கதவைத் திறந்தார். "ஓடினது காணும், இறங்கும்."

"இறங்கமாட்டன்" என்றாள் மகாதேவி. "நான் வேலையையும் விடமாட்டன். நான் சரியாய் ஓடப் பழகுமட்டும் ஒவ்வொரு நாளும் பக்கத்திலை இருந்து கரவெட்டிக்கு வாறது உங்கடை பொறுப்பு. இல்லையெண்டால் இப்ப காலை எடுக்கிறன்."

சமதரையில் காலை எடுத்தால் கார் எங்கேயும் போகாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். டொக்டர் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயர் பார்த்துக்கொண்டு நின்றார். தில்லைநாதன் கதவைச் சாத்தினார். சேற்றுக் காலோடு காரைச் சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து, அவளுடைய ஆசனத்தில் ஏறி இருந்தார்.