தளவாய் ஏறிய விமானம்

1954 முதல் 1961 வரை தென்காசிக்கு வந்த மூன்று படங்களில் தச்சர் தளவாய் ஒரே விமானத்தில் ஒரே மேகத்துக்குள் ஏறிப் போனார். படத்துக்குப் படம் விமானத்தின் பெயர் மாறியது, அவருக்கு வயது கூடியது. டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். தரை டிக்கெட்காரர்களுக்கு இன்னும் கிட்டத்தில் தெரிந்தது.

தளவாய் நாடகக் கம்பெனிகளுக்குச் சிம்மாசனமும் மயில் வாகனமும் செய்து கொடுத்துவந்தவர். 1953இல், மாரித்தாயைக் கட்டி எட்டு மாதம் ஆகியிருந்தபோது, புராணப் படம் ஒன்றுக்கு விமானம் செய்யச் சொல்லி மெட்ராஸ் ஸ்டூடியோவிலிருந்து ஆள் வந்தது. இருபத்தேழு வயது. “கார்த்திகைக்கு வந்திருவேன்” என்று சொல்லி ரயிலேறினார். அன்னத்தின் முகமும் இரண்டு பெரிய இறக்கைகளுமாக விமானம் நன்றாகவே அமைந்தது. படப்பிடிப்பு அன்றைக்குக் கந்தர்வன் வேடக்காரருக்கு உயரத்தைக் கண்டு மயக்கம் வந்துவிட்டதால், செய்தவரையே உள்ளே உட்காரவைத்தார்கள். பன்னிரண்டு பேர் கயிற்றை இழுத்தார்கள், விமானம் ஏறியது, டைரக்டர் கட் சொன்னார். கயிறு மட்டும் கீழே வந்தது. இந்த விவரங்களை மேனேஜர் ஒரு கார்டில் எழுதி, தளவாயின் உளிப்பெட்டியை ரயில் பார்சலில் அனுப்பினார். ஸ்டூடியோக் கூரையில் ஓட்டை எதுவும் இல்லை என்பதையும் குறிப்பிட்டிருந்தார்.

மறுவருடம் படம் தென்காசிக்கு வந்தது. தளவாய் பதினெட்டு விநாடி தெரிந்தார். அன்னத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இடதுபக்கம் பார்த்தார், கீழே குனிந்து எதையோ சொன்னார், மேகம் மூடிக்கொண்டது. படம் ஓடிய பதினோரு நாளும் மாரித்தாய் போனாள். குற்றாலத்தில் அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்குச் சீயக்காயும் எண்ணெயும் விற்றுவிட்டு, ஈரப் புடவையோடு நேரே வந்து பெண்கள் பக்கத்தில் உட்காருவாள். பதினெட்டு விநாடி முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். அவர் என்ன சொன்னார் என்று கண்டுபிடிப்பதற்காக வீட்டில் கண்ணாடி முன்னால் தன் உதடுகளை அதேபோல் அசைத்துப் பார்த்தாள். ஒருநாள் ‘மாரி’ என்பதுபோல இருந்தது, மறுநாள் ‘வாரேன்’ என்பதுபோல இருந்தது.

நான்கு வருடம் கழித்து ஒரு மந்திரவாதிப் படம் வந்தது. அதில் இளவரசன் பறக்கும் குதிரையில் போனான். குதிரை, தளவாய் செய்த விமானம்தான். ஸ்டூடியோக்காரர்கள் பழைய பிலிமை எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஊசியால் அன்னமுகத்தைச் சுரண்டிவிட்டுக் குதிரைமுகம் வரைந்திருந்தார்கள். தளவாய்க்கு முன்நெற்றி ஏறியிருந்தது. பழைய பிலிமில் இருக்கிற ஆளுக்கு எப்படி முடி கொட்டும் என்று டாக்கீஸ் ஆபரேட்டர் துல்கர்னைன் ஒரு வாரம் யோசித்தார். பிறகு, கொட்டத்தான் செய்கிறது என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது, 1961இல் வந்த சந்திரலோகப் படம். இறக்கைகளைச் சுரண்டிவிட்டு, வாலில் புகை தீட்டி, அதை ராக்கெட் என்றார்கள். சந்திர ராஜாவின் சபை முந்தைய படத்தின் பாதாள லோகம்தான். அசுரர்களின் கொம்புகளைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் கம்பி செருகியிருந்தார்கள். முனிவர் தூரதேசம் பார்த்த மாயக்கண்ணாடிக்கு இரண்டு திருகு வைத்து டெலிவிஷன் என்று பெயர் சொன்னார்கள். “ஏலே, அது போன படத்துக் கண்ணாடில்லா!” என்று ஒருவன் கத்த, கொட்டகையே சிரித்தது. மாரித்தாய் சிரிக்கவில்லை. எதையும் தூரப் போடாத மனுசர்கள் மெட்ராஸில் இருக்கிறார்கள் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. பழசுக்கு வேலை இருக்கிறவரை அவர் வந்துகொண்டிருப்பார். இப்போது காதோரம் நரைத்திருந்தது.

அந்த வருடம்தான் அவள் அண்ணன் குத்தாலிங்கம் புளியறையில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தான். மனைவியை இழந்தவர், சாலையோரத்தில் சாப்பாட்டுக்கடை.

“ஏட்டி, நெழலுக்குப் பொண்டாட்டியா இன்னும் எத்தன நாளு இருப்ப? தாலியக் கழத்து. அவன் செத்து எட்டு வருசமாச்சு.”

“நீங்க போயிப் படத்தப் பாத்துட்டு வந்து பேசுங்க அண்ணாச்சி” என்றாள் மாரித்தாய்.

குத்தாலிங்கம் சமுதாயப் பெரியவர்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனான். பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். துல்கர்னைன் அவர்களுக்காக அந்த ரீலை இரண்டாவது தடவையும் ஓட்டினார். வெளியே வந்ததும் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “செத்தவனுக்கு நரைக்குமாவே? ஆளு இருக்கான். எடம்தான் தெரியல” என்றார். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

1964இல் வேறொரு ராக்கெட் படம் வந்தது. அதில் எல்லாம் புதுசு. ராக்கெட் வெள்ளி மாதிரி மின்னியது, உள்ளே யாரோ ஒரு சின்ன வயசுக்காரன் இருந்தான். ஜனங்கள் விசிலடித்தார்கள். மாரித்தாய் படம் முடியும்வரை காத்திருந்தாள். எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தாள். துல்கர்னைன் வந்து, “அக்கா, இது வேற கம்பெனிப் படம்” என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த மூன்று வருடம் தளவாய் எந்தப் படத்திலும் வரவில்லை. அவருக்கு இப்போது எவ்வளவு நரைத்திருக்கும் என்று அவளாக நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வருடங்களில் அவளுக்கும் நரைக்கத் தொடங்கியது.

1967 ஆனி மாதம், சாரல் பிடித்திருந்த ஒரு நாளில், துல்கர்னைன் திருநெல்வேலிக்குப் போய்ப் படப்பெட்டி எடுத்துவந்தார். பெட்டியை இறக்கிவைத்த கையோடு சைக்கிளை மிதித்துக் குற்றாலம் போனார்.

“அக்கா, மச்சான் இருக்காரு. ஆனா இந்தக் கதையில ராக்கெட்டு பூமிக்குத் திரும்பி வருது. புதுசா எடுக்க முடியாம, பழைய பிலிமையே தலைகீழா ஓட்டிருக்கானுவ. ஏறல அக்கா. எறங்குது.”

மாரித்தாய் கையிலிருந்த சீயக்காயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

முதல் ஆட்டத்தில், புகை வாலுக்குள் திரும்பிப் போக, பறவைகள் பின்பக்கமாகப் பறக்க, மேகத்திலிருந்து விமானம் இறங்கியது. ஜனங்கள் சிரித்தார்கள். தளவாய் முழுக்க நரைத்த தாடியோடு, முன்பு அன்னமாக இருந்த கழுத்தைப் பிடித்திருந்தார். மாரித்தாய் எழுந்து நின்று, “ஏங்க, இதுதான் தென்காசி, எறங்குங்க!” என்று கூப்பிட்டாள். பதினான்கு வருடத்தில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. தளவாய் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி, திரைக்கு முன்னால் மணலில் நின்றார். வெளிச்சம் பட்டதால் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். துல்கர்னைன் படத்தை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார். “மதுரையிலயும் கதவத் தொறந்தேன். ஆலங்குளத்துல ஒரு கால கீழயே வச்சிட்டேன். தரை சுட்டுது, நம்ம ஊரு இல்லன்னு ஏறிட்டேன். இங்கன சாரல் மூஞ்சில அடிச்சுது. பொறவு நீ கூப்பிட்ட.”

“முன்னெல்லாம் என்னமோ சொல்லிக்கிட்டே போவியளே, அது என்ன?”

“கயித்தப் பாத்துப் பிடிங்கலேன்னு சொன்னேன்.”

அவள் சிரித்தாள், பிறகு கொஞ்ச தூரம் அழுதாள். அங்கிருந்து தன்னைத் தெரிந்ததா என்று கேட்டாள்.

“இருட்டுல என்ன தெரியும்? அங்கங்க பீடி நெருப்பு தெரியும். மொதல்ல நட்சத்திரம்னுதான் நெனச்சேன். ஒரு பக்கம் மட்டும் நெருப்பே இருக்காது. பொம்பளையாளு பக்கம். நான் அந்த இருட்டையே பாத்துக்கிட்டுப் போவேன்.”

படம் அடுத்து செங்கோட்டைக்குப் போனது. அங்கே ராக்கெட் இறங்கியது, கதவு திறந்தது, உள்ளே யாருமில்லை. யாரும் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. தளவாய் மறுபடியும் கதவு, நிலை வேலைகளுக்குப் போனார். பதினெட்டு விநாடியாகவே பார்த்துப் பழகியிருந்த மாரித்தாய்க்கு அவரை நாள் முழுக்கப் பார்ப்பதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து போய்விட்டு, பிறகு நினைவு வந்து திரும்பி வருவாள்.

1969இல் அதே ஸ்டூடியோவிலிருந்து செவ்வாய்க் கிரகத்துப் படம் வந்தது. இருவரும் போனார்கள். ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கும் கயிற்றுக்கு இந்தப்புறம் அவளும் அந்தப்புறம் அவருமாக உட்கார்ந்தார்கள். விமானம் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டு, ஆளில்லாமல் அதே மேகத்துக்குள் ஏறியது.

“பாரம் இல்லல்லா, மூக்கு தூக்குது” என்றார் தளவாய்.

மாரித்தாய் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.