ஜீவராணியின் போஞ்சிச் செடி

பகலில் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டதும் மற்றப் பெண்கள் சோற்றுக்காக லய வீடுகளுக்கு இறங்குவார்கள். ரெங்கம்மா மட்டும் பள்ளிக்கூடத்துக்கு ஏறுவாள். லயத்தில் அவள் சோறு போட வேண்டிய ஆள் இப்போது இல்லை.

நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் காலி யோகட் கோப்பைகளில் போஞ்சி அவரை நட்டிருந்தார்கள். தினமும் செடியைப் படமெடுத்து, உயரம் அளந்து, பார்த்ததை வாயால் சொல்லி டெப் கணினியில் பதிய வேண்டும். அதில் ஆளுக்கொரு பக்கம். ஜீவராணியின் பக்கம் இரண்டு இலையோடு நின்றுவிட்டது. காய்ச்சலோடு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை திரும்பி வரவில்லை.

"எம்புள்ள பக்கம் பாதியில நிக்குதுங்க டீச்சர். பூக்கிற வரைக்கும் நான் செஞ்சிடுறேனே" என்று ரெங்கம்மா கேட்டபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சுலோஜனா டீச்சர் மறுக்கவில்லை.

"புதுப் புள்ள வந்திருச்சு" என்பான் சதீஸ்குமார். "ஏன் பெரியம்மா, நீங்களும் நாலாம் ஆண்டா?"

"ஆமாடா. ஒன்ன மாதிரி பெயிலாகி வந்திருக்கேன்."

பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் ஜீவராணி உட்காரும் வாங்கின் ஓரம் இன்னும் வெறுமையாகத் தெரியும்.

அன்று ரெங்கம்மா கோப்பையைக் கிட்டே இழுத்து வைத்தாள். டெப் திறக்க நேரமெடுத்தது. காத்திருந்த கை சும்மா இருக்கவில்லை. பார்த்தால், செடியின் நுனிக் குருத்து விரல்களுக்கிடையில் இருந்தது. காலையிலிருந்து கிள்ளிய கை. தேயிலை எது, போஞ்சி எது என்று அதற்குத் தெரியவில்லை.

அளவைப் போட்டாள். இத்தனை நாளும் ஏறி வந்த கோடு திரையில் கீழே இறங்கியது.

"கொன்னுட்டேன் டீச்சர். அவளோடத ஒண்ணயாவது முழுசா முடிச்சிருவோம்னு பார்த்தேன்."

சதீஸ்குமார் தன் கோப்பையை மெதுவாக நகர்த்தினான். "என்னோடதப் படம் புடிங்க பெரியம்மா. யாருக்கும் தெரியாது."

"வேணாம்டா. அவ கண்டுபிடிச்சிருவா."

சுலோஜனா செடியைத் திருப்பிப் பார்த்தாள். "சாகுமோ தழைக்குமோ எனக்கும் தெரியேல்லை, அம்மா. நாளைக்குப் பாப்பம். இண்டைக்கு நடந்ததைச் சொல்லுங்கோ. பாடம் அதுதானே."

ரெங்கம்மா பொத்தானை அழுத்தினாள். முதலில் தகரத்தில் மழை விழும் சத்தம்தான் பதிந்தது.

"ஜீவா, இன்னைக்கு ஒஞ்செடியோட கொழுந்தக் கிள்ளிட்டேன். அம்மாதான். தெரியாம."

கையிலிருந்த குருத்தை எங்கே போடுவதென்று தெரியவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு தேயிலை மலைக்கு ஏறினாள்.