நாலும் இருபத்தெட்டு

நெஸ்டர் மாமா பனியில் ஒரு முழங்காலை ஊன்றி, லரிசாவின் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன் டயரின் வால்வு மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கழற்றிய கையுறை பல்லிடுக்கில் தொங்கியது. லரிசாவின் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஊரே தேவாலயக் கூடத்துக்குள் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, இவர் மட்டும் சாவுக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு வெளியே டயர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்து வாசலில் நின்றிருந்த லரிசா அதைப் பார்த்துவிட்டாள். கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடினாள்.

“மாமா, விடுங்க. மைனஸ் இருபத்தாறுல இதெல்லாம் எதுக்கு?”

அவர் கையுறையை வாயிலிருந்து எடுத்தார். “உங்கம்மா உத்தரவு. ‘எம்பொண்ணு இன்னைக்கே ரெஜைனாவுக்குத் திரும்பிப் போகணும், அந்தப் பாழாப்போன டயர் மறுபடியும் வழியில காலை வாரிடப் போகுது, என்னன்னு பாருடா’ன்னா. உங்கம்மா சொன்னா, நான் பெட்டிக்குள்ள படுத்திருந்தாலும் எழுந்து வந்து பாக்கணும்.”

“போற வழியில நானே பாத்துக்கறேன்.”

“நீ ஒருதடவ பாத்தது போதும். உள்ள போ. காது உறைஞ்சிடும்.”

குத்திக்காட்டவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கேலி பேசாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. ஆனால் லரிசா உள்ளே போகவில்லை. காற்றழுத்தம் பார்க்கும், பேனா மாதிரி இருந்த கேஜை அவர் வால்வில் வைத்து அழுத்துவதையும், வெள்ளைக் குச்சி வெளியே நீள்வதையும் பார்த்தபடி நின்றாள்.

“இருபத்தெட்டு,” என்றார் மாமா.

பின் டயருக்கு நகர்ந்தார். இருபத்தெட்டு. காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அங்கும் இருபத்தெட்டு. கடைசி டயரை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். கேஜைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, உடனே எழாமல், டயரின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒரு டயர் மட்டும் இறங்கியிருந்தால் ஓட்டை. நாலும் சேர்ந்து இறங்கியிருந்தால் குளிர். அந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஜனவரியில் ஊரில் பாதிக் கார்களில், டயரில் காற்று குறைவு என்று காட்டும் மஞ்சள் விளக்கு காலையில் எரியும். சக்கரம் உருண்டு சூடானதும் அதுவே அணைந்துவிடும். அதற்காக யாரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள். அதிலும் வசில் மகள் நிறுத்த மாட்டாள். ஊரின் ஒரே பழுதுபார்க்கும் கடையை நாற்பத்திரண்டு வருஷம் நடத்தியவர் அவள் அப்பா வசில்.

“நாலும் ஒரே மாதிரி இருக்கு,” என்றார் மாமா.

லரிசா கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தாள்.

“அன்னைக்கு எவ்ளோ நேரம் நின்ன?”

“காத்துக் குழாய் உறைஞ்சு போயிருந்துச்சு மாமா.”

“ம்,” என்றார். எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டார். “நாலுலயும் ஏழு ஏழு போட்டு முப்பத்தஞ்சாக்கிடறேன். நீ போய்ச் சாப்பிடு.”

அவளை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்று நாளுக்கு முன், அப்பா போன அன்று, காலை ஆறரைக்குத் தம்பி தாராஸ் போன் செய்தான். “அக்கா, மூச்சு மாறிடுச்சு. நர்ஸ் உன்ன உடனே வரச்சொல்றாங்க.” பத்து நிமிஷத்தில் காரை எடுத்துவிட்டாள். மைனஸ் முப்பத்தாறு. ரெஜைனா எல்லை தாண்டும்போது லாட வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியது என்பதுதான் இந்த மூன்று நாளாக அவளைத் தின்றுகொண்டிருக்கிறது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

போன மாதம் வந்தபோது அப்பா வாயைத் திறந்துபோட்டு, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு கிடந்தார். அவள் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, சாலை மோசமாகிவிடும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். அந்தச் சத்தத்தை மறுபடி கேட்க அவளால் முடியாது. பாதி வழியில் பெட்ரோல் போடும் இடத்துக்கு வந்தபோது மஞ்சள் விளக்கு அணைந்தே போயிருந்தது. இருந்தும் காரை உள்ளே திருப்பினாள். தாராஸைக் கூப்பிட்டு, “டயர் விளக்கு எரியுதுடா, காத்துப் புடிக்க நிக்கறேன்,” என்றாள். உள்ளே போய் ஒரு காபியும் முட்டை வைத்த பன்னும் வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நாற்பது நிமிஷம் தின்றாள். தாராஸ் இரண்டு முறை கூப்பிட்டான். போனைக் கவிழ்த்து வைத்தாள். எல்லாம் முடிந்தபிறகு போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைத்தாள். அப்படியே, அதே வார்த்தைகளில் நினைத்தாள்.

ஒன்பது பத்துக்கு அப்பா போனார். ஒன்பதரைக்கு அவள் போய்ச் சேர்ந்தாள். நிற்காமல் போயிருந்தால் இருபது நிமிஷம் கிடைத்திருக்கும்.

கூடத்தில் சாவு வழக்கப்படி தேனும் கசகசாவும் கலந்த கோதுமை ஆளுக்கொரு கரண்டி வந்து முடிந்து, முட்டைக்கோஸ் சுருளும் உருளைக்கிழங்கு பொதிந்த பெரோகிக் கொழுக்கட்டையும் மேசைகளுக்கு வந்துகொண்டிருந்தன. அம்மா பக்கத்து வீட்டு ஓல்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். லரிசா எதிரே உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள். அம்மா ஸ்டெபானியா ஒரு விஷயத்தைச் சொன்னால் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் தானாக முளைத்துவிடும். அவள் கதையில் இந்த மூன்று நாளில் டயர் பஞ்சராகியிருந்தது. காற்று வீசியது. சாலையோரம் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை.

“தன்னந்தனியா பனியில மண்டிபோட்டு, வெரலெல்லாம் மரத்துப்போயி,” என்றாள் அம்மா. “அப்பனைப் பாக்கணும்னு புள்ள என்ன தவிச்சிருக்கும்.”

“அப்படியெல்லாம் இல்லம்மா,” என்றாள் லரிசா.

“நீ சும்மா இரு. உனக்கு எப்பவும் கஷ்டத்த வெளிய சொல்லத் தெரியாது.”

மேசைக்கோடியில் தாராஸ் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்த மூன்று நாளும் அவன் அந்த இரண்டு போனைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவன் ஒரு தடவை கத்தியிருந்தால் லரிசாவுக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

நெஸ்டர் மாமா கையைத் தேய்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அம்மா விடவில்லை.

“என்னடா, பாத்தியா? என்ன கோளாறு?”

மாமா ஒரு பெரோகியை முழுசாக வாயில் போட்டு மென்றார். லரிசாவின் முகத்தில் ஈயாடவில்லை.

“ஆணி,” என்றார் மாமா. “பின்பக்க டயர்ல. புடுங்கி அடைச்சுட்டேன்.”

“பாத்தியா ஓல்கா! ஆணியாம்!”

மாமா லரிசாவைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தார். போனால் போகட்டும், இத்தோடு முடிந்தது என்பதுபோல. இவ்வளவு நல்ல மனுஷனைத் தன் பொய்க்குப் பங்காளியாக்கிவிட்டோமே என்று அவள் கூனிக்குறுகிப் போனாள். அதே சமயம் தப்பித்தோம் என்றும் இருந்தது. அந்த இரண்டாவது நினைப்புத்தான் அதிகமாகக் கூசியது.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே காகிதக் கைத்துடைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

“கடைசியில அந்த மனுஷன் தப்பாச் சொல்லிட்டாரே.”

“யாரு? வசிலா?” என்றாள் ஓல்கா.

“உங்ககிட்ட எல்லாம் இதச் சொல்லவே இல்லையே. ரெண்டு நாளா கண்ணு தெறக்கல, ஒரு பேச்சு இல்ல. இவ டயர் விளக்குன்னு போன் பண்ணினப்போ, தாராஸ் அவர் காதுகிட்ட சத்தமா வச்சான், அக்கா குரல் கேக்கட்டுமேன்னு. இவ போன வச்சதும் வாயத் தெறக்கறார். ‘அது குளிருக்கு எரியறது. டயர்ல ஒண்ணுமில்ல. நிக்காம வரச் சொல்லு’ங்கறார். தெளிவா, கடையில நின்னு சொல்ற மாதிரி. அதச் சொல்லத்தான் தாராஸ் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான், இவ பாவம், காத்துல கேக்கல. அப்புறம் அவர் பேசவே இல்ல.”

லரிசா தம்பியைப் பார்த்தாள். தாராஸ் இப்போது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகப் பார்க்கவில்லை. காத்திருப்பவன்போலப் பார்த்தான்.

பக்கத்து மேசைக் கிழவர்களுக்கு விஷயம் அதற்குள் போய்விட்டது. எஞ்சின் பக்கத்தில் போனைப் பிடித்தால் போதும், அந்தப் பக்கமிருந்து வசில் வியாதியைச் சொல்லிவிடுவார் என்பது அந்த ஊரின் பெருமை. அவர் சொல்லித் தப்பாகப் போனதாக ஒரு கதைகூடக் கிடையாது. ஒருவர் விஸ்கிக் கோப்பையைத் தூக்கினார். “விடுங்கப்பா. சாகற நேரத்துல யாருக்குத்தான் தப்பாது? ஒரு ஆணி அவன ஜெயிச்சிடுச்சு, அவ்வளவுதான்.” எல்லோரும் பிரியமாகச் சிரித்தார்கள்.

அம்மாவும் சிரித்தாள். “நல்லவேள, நீ அவர் பேச்சக் கேட்டு ஓட்டிக்கிட்டு வரல. ஆணியோட வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?”

நெஸ்டர் மாமாவின் காது சிவந்திருந்தது. அந்தக் கடைசிப் பேச்சு அவருக்கும் இப்போதுதான் தெரிகிறது. சொன்னதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள முடியாமல், முள்கரண்டியால் தட்டில் இல்லாத எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

“ஆணி இல்லம்மா,” என்றாள் லரிசா.

“என்ன?”

“ஆணி எதுவும் இல்ல. மாமா எனக்காகச் சொன்னார். நாலு டயரும் ஒரே அளவுதான். அப்பா சொன்னதுதான் சரி.”

ஓல்கா எழுந்து போகலாமா என்று யோசித்து, எழாமல் இருந்தாள்.

“பெட்ரோல் போடற எடத்துக்கு வர்றதுக்குள்ள விளக்கு அணஞ்சுபோச்சு. எனக்குத் தெரியும். நான் உள்ள உக்காந்து சாப்பிட்டேன். தாராஸ் கூப்பிட்டது கேட்டுச்சு. எடுக்கல. அந்த ரூமுக்குள்ள வர முடியல என்னால.”

அம்மா அவள் கையை விட்டாள். வெடுக்கென்று இழுக்கவில்லை, ஒரு பாத்திரத்தைக் கீழே வைப்பதுபோல மேசைமேல் வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டாள். கைத்துடைப்பை நாலாக மடித்தாள். இன்னொரு தடவை மடித்தாள்.

“எவ்ளோ நேரம்?”

“நாப்பது நிமிஷம்.”

அம்மா தலையாட்டினாள். கணக்கு அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அந்த அறையில் ஒன்பது பத்துவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் அவள்.

“அப்போ அவர் சொன்னது தப்பில்ல,” என்றாள்.

“தப்பில்லம்மா.”

“குளிருக்குத்தான் எரிஞ்சிருக்கு.”

“ஆமா.”

அம்மா எழுந்தாள். சாவு வீட்டுக்காரி வேலை செய்யக்கூடாது என்று சமையலறைப் பெண்கள் காலையிலிருந்து அவளை ஒரு கரண்டிகூடத் தொடவிடவில்லை. இப்போது அவள் போய் அடுப்பிலிருந்து பெரிய காபிக் கூஜாவை எடுத்தபோது யாரும் தடுக்கவில்லை. கறுப்பு உடையை ஒரு கையால் சரிசெய்துகொண்டு, கிழவர்களின் மேசைக்குப் போனாள்.

“ஆணி இல்லையாம்,” என்றாள், ஊற்றிக்கொண்டே. “இவ நின்னுட்டா, அவ்வளவுதான். டயர்ல ஒண்ணுமே இல்லையாம். அவர் சொன்னதுதான்.”

விஸ்கிக் கோப்பையைத் தூக்கியவர் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். “நான் அப்பவே நெனச்சேன். வசிலாவது தப்பாச் சொல்றதாவது?” மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்கள் முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. ஒருவர்கூட லரிசாவின் பக்கம் திரும்பவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அப்படித் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அம்மா அடுத்த மேசைக்கு நகர்ந்து, முதல் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கூடத்தில் இன்னும் ஐந்து மேசைகள் இருந்தன.