சிவப்புப் பெட்ரோல்

1938, ஆடி பதினேழு, விடிந்து ஒரு நாழிகை.

ஜாபர் அலி புளியஞ்சோலையில் மாட்டுவண்டியிலிருந்து இறங்கினார். பெட்ரோல் டின்னைத் தானே இறக்கினார். வண்டிக்காரர் கைகொடுக்க வந்தபோது வேண்டாம் என்றார்.

ஓடைக்கரையில் மாதேஸ்வரன் நின்றிருந்தார். மலைமேல் வாழவந்தி நாட்டில் மிளகும் தினையும் விளைவிக்கிறவர். இடுப்பில் கொடுவாள், தோளில் துண்டு. டின்னைத் தூக்கி ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

"சிவப்புதானுங்களே பாய்?"

"பாத்தாத் தெரியும்."

மாதேஸ்வரன் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தார். டின்னை அதன்மேல் ஏற்றிக்கொண்டார். இருவரும் மலைப்பாதையில் ஏறினார்கள்.

டின்னைக் கொடுத்தனுப்பினால் போதாதா, பாய் எதற்கு இந்த வயதில் மலை ஏறவேண்டும் என்று மாதேஸ்வரன் கேட்டார். திருவிழா பார்க்க என்றார் ஜாபர் அலி. மறுநாள் ஆடி பதினெட்டு. மலை முழுக்கக் கோயிலில் திரளும் நாள். மாதேஸ்வரன் நம்பினார்.

அது பொய். டின்னில் இருந்தது சாதாப் பெட்ரோல்.

டின் காளியண்ணனின் காருக்குப் போகிறது. காளியண்ணன் துறையூர்க்காரர். மோட்டார்ப் பந்தயம் ஓட்டியவர். இரண்டு பேர் உட்காரும் நீளமூக்குக் கார் வைத்திருந்தார். சென்னையில் ஒரு பட்டறையில் இன்ஜினைப் பிரித்து, அமுக்கத்தைக் கூட்டி, வேகத்துக்கென்றே திருத்திக்கொண்டு வந்தார். கார் பறந்தது. ஆனால் கண்டதையும் குடிக்க மறுத்தது. சாதாப் பெட்ரோல் ஊற்றி மேடு ஏறினால் இன்ஜினுக்குள் தட்டும். பித்தளைக் குண்டானில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் பிஸ்டன் உடையும் என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார்.

அதற்கு உசத்திப் பெட்ரோல் வேண்டும். அடையாளம் தெரிவதற்காக அதில் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். திருச்சியிலிருந்து லாரியில் வரும். துறையூரில் ஜாபர் அலியின் கடையில்தான் கிடைக்கும்.

போன வருஷம் காளியண்ணன் மலைமேல் தோட்டம் வாங்கினார். மலைக்கு ரோடு கிடையாது. காரை விற்றுவிடச் சொன்னார்கள். அவர் அதைக் கழற்றினார். சட்டத்தையும் இன்ஜினையும் மூங்கில் கழிகளில் கட்டி மாதேஸ்வரனின் ஆட்கள் தோளில் தூக்கினார்கள். சக்கரங்களைப் பெண்கள் தலையில் சுமந்தார்கள். எல்லாம் மேலே வந்துசேர்ந்ததும் காளியண்ணன் கூலி பேசக் கூப்பிட்டார். மாதேஸ்வரன் காசு வேண்டாம் என்றார்.

"நாங்க அதைத் தூக்கியாந்தோமுங்க. அது ஒருக்கா எங்களைத் தூக்கட்டும்."

காளியண்ணனுக்கு அந்தக் கணக்குப் பிடித்திருந்தது. காரைத் திரும்பப் பூட்டினார். தோட்டத்திலிருந்து சந்தை மேடு வரை வண்டி போகும் அளவுக்குப் பாதை வெட்டினார். தூக்கியவர்கள் அத்தனை பேரையும் திருவிழாவுக்கு முந்தின நாள் சந்தை மேட்டில் ஏற்றிக்காட்டுவதாகச் சொன்னார். பெட்ரோலுக்கு ஜாபர் அலி பொறுப்பு. அன்றைக்குச் சிவப்பு டின் மேலே இருக்கும் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

லாரி வந்தது. சிவப்பு வரவில்லை.

நாள் தள்ளிப்போடச் சொல்லி ஆள் அனுப்பலாம் என்று நினைத்தார். அதற்குள் மலையிலிருந்து மிளகு கொண்டுவந்தவர்கள் ஒரு சேதி சொன்னார்கள். தூக்கியவர்கள் எல்லோரும் புது வேட்டி எடுத்துவிட்டார்களாம். கார் சவாரிக்கென்றே எடுத்தார்களாம். ஜாபர் அலி ஆள் அனுப்பவில்லை.

அன்று சாயங்காலம் அவர் மனைவி ஹாஜிரா பீவி தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெயில் வேம்பாளம் பட்டையை ஊறப்போட்டிருந்தார். எண்ணெய் நன்றாகச் சிவந்திருந்தது. ஜாபர் அலி அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஒரு பாட்டிலில் பெட்ரோல் எடுத்துவந்து பட்டையில் ஒரு துண்டை அதில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அதுவும் சிவந்தது. மிச்சப் பட்டை பெட்ரோல் டின்னுக்குள் போயிற்று.

என்ன நடக்கிறது என்று ஹாஜிரா பீவிக்கு விளங்க வெகுநேரம் ஆகவில்லை.

"தலைக்குப் போடறதை வண்டிக்குப் போடறீங்க. நாளைக்கு அதுக்கு முடி முளைச்சா என்னைக் கேக்காதீங்க."

அப்போது அவருக்கும் சிரிப்பு வந்தது. இப்போது மலை ஏறும்போது வரவில்லை. பிஸ்டன் உடைந்தால் மேலே பட்டறை கிடையாது. இத்தனை பேர் தோள் வீங்கத் தூக்கிவந்த கார், கோழி அடைக்கத்தான் ஆகும். அவர் பேச்சை மலையிலோ கீழேயோ பிறகு யாரும் நம்பமாட்டார்கள். அதனால்தான் டின்னோடு வந்தார். ஊற்றுவதற்கு முன் காளியண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்துக்கு வந்தபோது உச்சிவேளை தாண்டியிருந்தது. கார் கொட்டகையை விட்டு வெளியே நின்றது. யாரோ அதன் மூக்கில் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். சுற்றிலும் புது வேட்டிகள். மாதேஸ்வரனின் மனைவி கண்ணாயி முன்சக்கரத்தின் பக்கத்தில் நின்றார். அந்தச் சக்கரம் அவர் சுமந்துவந்தது. இன்னொருத்தி அதன்மேல் கை வைத்ததற்கு, உன் சக்கரம் பின்னால் இருக்கிறது, அங்கே போ என்று விரட்டினார்.

ஜாபர் அலி காளியண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவேண்டும் என்றார். காளியண்ணன் ஆகட்டும் என்றபடியே டின்னைத் திறந்தார். கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் பிடித்தார். மாதுளைச் சாறு மாதிரி இருந்தது. கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"இப்படி ஒரு சிவப்பு இதுவரைக்கும் வந்ததில்லை பாய்."

ஜாபர் அலி வாயைத் திறந்தார். எதிரே அத்தனை முகங்களும் தம்ளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. வாயை மூடிக்கொண்டார். டின் கவிழ்ந்தது. மலை ஏற்றுவதற்கு முன்பே காரின் தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். இப்போது அதில் இருந்தது இது மட்டும்தான்.

பெட்ரோல் கொண்டுவந்தவருக்குத்தான் முதல் மரியாதை என்று அவரைக் காளியண்ணனின் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தார்கள். பின்னால் மூடியின்மேல் மாதேஸ்வரனும் அப்பாசாமியும் ஏறினார்கள். அப்பாசாமி இன்ஜினைத் தூக்கியபோது முன்கழி பிடித்தவர். கண்ணாயி பக்கப்பலகையில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

கார் கிளம்பியது. சமதரையில் கேழ்வரகுக் கொல்லைகள் பின்னால் ஓடின. மாலையிலிருந்து பூக்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து முகத்தில் அடித்தன. அப்பாசாமியின் தலைப்பாகை அவிழ்ந்து வால் மாதிரி பறந்தது. அதை இழுத்துக்கட்டக் கையை எடுக்க அவருக்குப் பயம். தலைப்பாகை போனால் போகட்டும், தலை இருக்கட்டும் என்றார் கண்ணாயி.

சந்தை மேடு எதிரே எழுந்தது.

காளியண்ணன் காலை அழுத்தினார். கார் மூக்கைத் தூக்கியது. ஜாபர் அலி கண்ணை மூடிக்கொண்டார். காது மட்டும் இன்ஜினுக்குள் இருந்தது. தகரம் அதிர்ந்தது. சக்கரத்தில் சரளை நொறுங்கியது. அப்பாசாமி சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். மேடு செங்குத்தாகிற இடம் வந்தது. இங்கேதான் தட்டும்.

தட்டவில்லை.

மலை ஏறியதில் காது அடைத்துக்கொண்டதோ என்று எச்சில் விழுங்கிப் பார்த்தார். அப்பாசாமியின் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது. இன்ஜின் ஒரே சுருதியில் ஏறிக்கொண்டிருந்தது. ஆணி இல்லை, குண்டான் இல்லை. அவர் கண்ணைத் திறந்தபோது வானம் பக்கத்தில் இருந்தது. மேட்டின் உச்சியில் ஆடுகள் சிதறி ஓடின.

கார் நின்றது. கண்ணாயி குதித்து இறங்கி, தன் சக்கரத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"ஏனுங்க, நான் கனக்கவே இல்லியாட்டம் இருக்குதே."

"வண்டிக்கு இன்னிக்கு ஒரு நாளு," என்றார் மாதேஸ்வரன். "தினம் சுமக்கறவன் எனக்கில்ல தெரியும்."

சிரிப்பு மேட்டிலிருந்து கீழே நின்றவர்கள் வரை போயிற்று. என்ன என்று தெரியாமலே அவர்களும் சிரித்தார்கள்.

திரும்பிப் போய் அடுத்த ஆட்களை ஏற்றினார்கள். ஜாபர் அலி சீட்டை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் தட்டும் என்று நினைத்தார். அடுத்த ஏற்றத்திலும் தட்டவில்லை. அதற்கடுத்ததில் அவர் காதைத் தீட்டுவதை விட்டுவிட்டு ஆட்டுமந்தையைப் பார்த்தார். அப்புறம் அவரே பின்னால் திரும்பி, இறுக்கிப் பிடியுங்கள், இனிமேல்தான் இருக்கிறது என்று ஏறியவர்களைப் பயமுறுத்தினார். காளியண்ணனை இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொன்னார். ஒரு கிழவர் தன் ஆட்டுக்குட்டியோடு ஏறினார். குட்டியை ஜாபர் அலி மடியில் வாங்கிக்கொண்டார்.

வெயில் தாழ்ந்தபோது தூக்கியவர்கள் எல்லோரும் ஒருமுறை ஏறி இறங்கியிருந்தார்கள். கண்ணாயி யாருக்கும் சொல்லாமல் இரண்டாவது முறையும் ஏறியிருந்தார். காளியண்ணன் கார் மூக்கின் மூடியைத் திறந்து வைத்து, இன்ஜினைப் பார்த்தபடி நின்றார்.

ஜாபர் அலி பக்கத்தில் வந்தார். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. காளியண்ணன் முந்திக்கொண்டார்.

கீழே இதே சிவப்பை ஊற்றினாலும் பெரிய மேட்டில் லேசாக ஒரு தட்டு கேட்கும், இங்கே அதுவும் இல்லை என்றார். மலைமேல் காற்று லேசு. இன்ஜின் உள்ளே இழுக்கிற காற்று குறைவு. கூட்டிவைத்த அமுக்கம் தானாகவே குறைந்துவிடுகிறது. அப்படியானால் இந்த உயரத்துக்குச் சாதாப் பெட்ரோலே போதும் என்று தோன்றுகிறது. ஆனால் கையில் இருக்கிற ஒரே காரை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க தைரியம் வரவில்லை. சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"அடுத்த தடவை சாதா டின் ஒண்ணு கொண்டாங்க பாய். யாரும் ஏறவேண்டாம். நான் மட்டும் பயந்துக்கிட்டே ஒருதரம் ஓட்டிப் பாக்கறேன்."

ஜாபர் அலிக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. காரின் பக்கப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. காளியண்ணன் மூடியைப் பிடித்தபடி அவரையே பார்த்தார். மாதேஸ்வரன் பார்த்தார். ஆட்டுக்குட்டி பார்த்தது.

கண்ணாயி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், அவரு பயமா இருக்குதுங்கறாரு. நீங்க என்னத்துக்குங்க இப்படிச் சிரிக்கிறீங்க?"