தம்பியின் முதுகில் அம்மா

வேலைக்குப் போகக் கட்டிய புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, தம்பியின் முதுகில் சோப்பு நுரையை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். "தேய்க்காதக்கா, தேய்க்காத! ஒத்தி எடு" என்று குளியலறை முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தவன் கத்தினான். அவன் முதுகில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தோள்பட்டையிலிருந்து மறு தோள்பட்டை வரைக்கும் அகலமான முகம். எந்தக் காலத்துப் போட்டோவைக் கொடுத்தானோ, கன்னம் நிறையச் சதையும் தலை நிறைய முடியுமாக இருந்தாள். கீழே கொட்டை எழுத்தில் 'அம்மா' என்று வேறு பச்சை குத்தியிருந்தது. யாரென்று அவனுக்கே மறந்துவிடும் என்று பயந்தானோ என்னவோ.

நிஜ அம்மா பக்கத்து அறையில் படுத்திருந்தாள். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் முதுகிலும் புண் இருக்கிறது. இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு. அதையும் நான்தான் கழுவுகிறேன். அதையும் தேய்க்கக் கூடாது, ஒத்தித்தான் எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவளைப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் இன்னும் உள்ளே போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். படுக்கையோடு இழுத்தால் தோல் உரியும், அக்குளில் கை கொடுத்துத் தூக்கித்தான் புரட்ட வேண்டும். தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பே விட்டுப்போயிற்று.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை எனக்கு. சம்பளமில்லா விடுப்பை நீட்டி நீட்டி, கடைசியில் முதலாளியம்மா போனில், "திங்கட்கிழமை வந்து உன் ஸ்டூல்ல உக்காரு. இல்லேன்னா வேற பொண்ணைப் போட்டுடுவேன். என்னைக் கோச்சுக்காத" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் தம்பியை வரவழைத்தேன். ஒரு மாதம் அவன் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. வந்து இறங்கியவன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். "எப்படிக்கா இருக்கு?" என்றான். உயிரோடு இருக்கிறவளுக்கு இப்போதே நினைவுச்சின்னமா என்று கேட்க நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

பச்சை குத்தியவர் நிறையச் சொல்லி அனுப்பியிருந்தார். வெயில் படக் கூடாது, வேர்க்கக் கூடாது, மல்லாந்து படுக்கக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது. கை எட்டாத இடம் என்பதால் களிம்பு தடவ ஆள் வேண்டும். அந்த ஆள் நானாகிப்போனேன். ஒரு முதுகிலிருந்து எழுந்து கை கழுவி அடுத்த முதுகுக்குப் போகிறேன். போனில் அந்தப் படத்தைப் போட்டதற்கு ஊர்ப்பட்ட பேர் கை கூப்பியிருந்தார்கள். அம்மாவை முதுகில் சுமக்கும் மகன் என்று யாரோ எழுதியிருந்ததை எனக்கே படித்துக் காட்டினான். முதுகிலெல்லாம் சுமக்க வேண்டாமடா, கையால் ஒரு தரம் புரட்டிவிடு, போதும்.

இன்றைக்குத்தான் அந்தத் திங்கட்கிழமை. தோல் உரிய ஆரம்பித்திருந்தது. அம்மாவின் கன்னத்திலிருந்து கறுப்புச் செதில்கள் நுரையோடு வந்தன. நெற்றியில் ஒரு பொருக்கு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் பிய்த்தால் அந்த இடத்தில் மை போய்விடும், வெள்ளையாகத் திட்டு விழுந்துவிடும் என்று அவன்தான் சொல்லியிருந்தான். நகத்தை அதன் அடியில் கொடுத்துவிட்டேன். ஒரே இழுப்புதான், வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கையை எடுத்தேன். அவனுக்காக ஒன்றுமில்லை. அது அம்மாவின் நெற்றி.

துடைத்துக் களிம்பு போட்டு முடித்ததும் அவன் நேராகப் போய் அம்மாவின் கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் குப்புற விழுந்தான். நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். "இப்பதான் இந்தப் பக்கமாப் படுக்க வச்சிருக்கேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு அந்தப் பக்கம் புரட்டு. இழுக்காத, தூக்கு."

"அக்கா, வெயிட் தூக்கினா தோல் விரிஞ்சு கலர் போயிடும்க்கா. இன்னும் ஒரு வாரம் லீவு சொல்லிடேன்."

"வெயிட்டா? எலும்பும் தோலுமா கெடக்கா, அவ உனக்கு வெயிட்டா? போகட்டும்டா கலர்! மூஞ்சி மொத்தமும் அழிஞ்சு போகட்டும்! பெத்தவ இங்க புண்ணுல அழுகிட்டிருக்கா, நீ படம் காட்டிட்டுத் திரியுற!" கோபத்தில் கைப்பையைச் சுவரில் அடித்தேன். உள்ளே சாப்பாட்டு டப்பா திறந்துகொண்ட சத்தம் கேட்டது. அழுகிட்டிருக்கா என்று அம்மாவை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டது அப்புறம்தான் உறைத்தது.

அவன் தலையைத் தூக்கவில்லை. பதில் கட்டிலிலிருந்து வந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே எச்சிலை விழுங்கி விழுங்கித்தான் அம்மாவால் பேச முடியும்.

"அவனைத் திட்டாதடி. பச்சைப் புண்ணு. நான் இப்படியே... படுத்துக்கறேன். நீ போய்ட்டு வா."

நான் தூக்கியபோதெல்லாம் ஐயோ அம்மா என்று முனகியவள், ஒரு நாளாவது இப்படியே படுத்துக்கொள்கிறேன், உன் இடுப்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னதில்லை. அழுகை வரவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டன. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமல் வாசலில் இறங்கினேன்.

அந்த அறையின் ஜன்னலைத் தாண்டித்தான் தெருவுக்குப் போக வேண்டும். பார்க்கக் கூடாது என்றுதான் நடந்தேன், பார்த்துவிட்டேன். அம்மா நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக் கழுத்தை எக்கி, அவன் முதுகுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோயிருந்தாள். அந்தச் சிரித்த முகத்தின் மேல் ஊதிக்கொண்டிருந்தாள். காற்று கோணிய வாயோரமாகப் பாதி வழியிலேயே போயிற்று. திரும்பவும் மூச்சை இழுத்து, கன்னத்தை உப்பி, ஊதினாள்.

"இன்னும் கொஞ்சம் கீழம்மா" என்றான் அவன்.